மங்கோலியரிடம் குதிரையை மட்டும் எடுக்காதீர்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி ஆடும் ஆட்டங்களுக்குச் சொந்தமாக ஓர் உலகம் படைக்க உட்காருகிறவர்கள், அதில் ஒரு குதிரைக் கூட்டத்தை வைக்காமல் எழுந்திருப்பதில்லை. தோலாடை, வில், தாடி, ஓயாத கோபம். கேட்டால் மங்கோலியரைப் பார்த்து உருவாக்கியது என்பார்கள். உண்மையில் மங்கோலியரின் துணிமணியை மட்டும்தான் எடுத்திருப்பார்கள்.

உடையைக் கடைசியில் எடுங்கள். அந்த மக்கள் எதைத் தின்றார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பதை முதலில் பாருங்கள். மங்கோலியப் புல்வெளியில் உழவு எளிதல்ல. அதனால் ஆடும் மாடும் குதிரையும்தான் பிழைப்பு. புல் தீர்ந்தால் இடம் மாற வேண்டும் என்பதால் கழற்றிக் கட்டும் கம்பளிக் கூடாரம். கோடையில் புளிக்கவைத்த குதிரைப்பால். மழை பொய்த்த கோடைக்குப் பின்னாலேயே கடுங்குளிரும் வந்தால் மந்தைகள் கொத்துக் கொத்தாகச் சாகும். அந்தப் பேரழிவை அவர்கள் ‘ட்ஸுட்’ என்கிறார்கள். உங்கள் குதிரைக்காரர்கள் பக்கத்து நாட்டின்மேல் பாய இந்த ஒரு குளிர்காலம் போதும். ‘பிறவியிலேயே முரடர்கள்’ என்று எழுத வேண்டிய தேவையே இருக்காது.

அடுத்து, ஆடும்போது கைகொடுக்கும் கட்டுப்பாடுகளைத் தேடுங்கள். 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியரிடம் தூது போன இத்தாலியத் துறவி கார்ப்பினி, தலைவனுடைய கூடாரத்தின் வாசற்படியை மிதித்தால் கொன்றுவிடுவார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். உங்கள் ஆட்டக்காரர்கள் ஒரு கூடாரத்துக்குள் நுழையும் காட்சியில் இதை வையுங்கள். வாளே உருவாமல் மேசையில் பதற்றம் வந்துவிடும். தகப்பனின் அடுப்படி கடைசி மகனுக்கே சேரும் என்ற வழக்கமும் அப்படித்தான். மூத்தவன் என்ன நினைப்பான் என்று யோசித்தாலே பாதிக் கதை தயார். வாரிசுக் கேள்வி இன்னொரு கதையும் தரும்: 1241 டிசம்பரில் மங்கோலியப் பேரரசர் ஒகோதேய் இறந்தார். மறு ஆண்டு, ஹங்கேரிக்குள் புகுந்திருந்த மங்கோலியப் படைகள் திரும்பின. வாரிசுத் தேர்வுக்காகத் திரும்பினார்களா, மேய்ச்சல் போதாமலா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நமக்கென்ன, இரண்டுமே கதைதான்.

இப்படி எடுத்ததை அப்படியே வைக்காமல் மண்ணை மாற்றி நடுங்கள். புல்வெளிக்குப் பதில் கடல், கூடாரத்துக்குப் பதில் மிதவை, மேய்ச்சலுக்குப் பதில் மீன்கூட்டம். கடைசிப் பிள்ளைக்கே மிதவை என்றால் மற்ற பிள்ளைகள் எங்கே போவார்கள்? ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனும் இதே வேலையைச் செய்தவர்தான். தன் கதையில் குதிரைவீரர்களாக வரும் ரோஹன் மக்களுக்குப் பழைய ஆங்கிலத்தைக் கொடுத்தார். ஆனால் அந்த மொழி பேசிய ஆங்கிலோ-சாக்சன்கள் பெரும்பாலும் தரையில் நின்று போரிட்டவர்கள். குதிரைப்படை அவர் சேர்த்தது.

ஓர் எச்சரிக்கை. உயிரோடு வாழும் சிறுபான்மையினரைப் பார்த்து எழுதும்போது கை நடுங்கத்தான் வேண்டும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் வரும் விஸ்தானிகள், ரோமா மக்களைப் பற்றிய பழைய வசைகளின் தொகுப்பாகவே இருந்தார்கள். வண்டியில் திரிவார்கள், குடிப்பார்கள், குறி சொல்லி ஏமாற்றுவார்கள். எதிர்ப்பு எழுந்தபின், 2020இல் வெளியீட்டாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் அந்தப் பகுதிகளைத் திருத்தியது. நரிக்குறவர்களை வைத்து ஒருவர் இப்படி எழுதினால் நமக்கு எப்படியிருக்கும்? அதே நிறுவனம் 2022இல் ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்’ தொகுப்பைக் கொண்டுவந்தபோது, வங்காளத்தின் சாயலுள்ள கதையை எழுதியவர் வங்காளியான மிமி மொண்டல். இதுதான் சரியான வழி.

வீட்டில் நண்பர்களோடு ஆடுகிறவர்களுக்கு, அந்தந்த மக்களில் ஒருவரையே எழுதவைக்கும் வசதி கிடையாது என்பது தெரியும். குறைந்தபட்சம், எந்த மக்களைப் படைத்தாலும் அவர்களுக்குள் ஒத்துப்போகாத இரண்டு பேரை உருவாக்குங்கள். அந்த மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்ன நூல் ஒன்றையாவது தேடிப் பிடியுங்கள். மங்கோலியருக்கு அது ‘மங்கோலியரின் ரகசிய வரலாறு’. விதிப்புத்தகத்தைத் திறக்குமுன் அதைப் படித்துவிடுங்கள்.