9 வோல்ட் என்பது 9 வோல்ட்தானா?

எல்.எம். 386 என்ற சிறு ஒலிபெருக்கி ஐ.சி.யின் சாதாரண வகை 4 முதல் 12 வோல்ட் வரையில் இயங்கும். '9 வோல்ட் மின்மாற்றி போதுமே!' என்று நினைக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள், கணக்கிட்டுப் பார்ப்போம்.

மின்மாற்றியில் குறித்துள்ள 9 வோல்ட் பயனுறு மதிப்பு. மின்தேக்கியோ உச்ச மதிப்புவரை மின்னேற்றம் பெறும்: 9 × 1.414 = 12.7 வோல்ட். பால அமைப்பில் மின்னோட்டம் இரு டயோடுகளைக் கடக்கும்போது 1.4 வோல்ட் குறையும். மீதி 11.3 வோல்ட். வரம்புக்குள்தான்! ஆனால் வீட்டு மின்சாரம் 230-லிருந்து 250 வோல்ட்டாக உயர்ந்தால், இதுவும் 12.4 ஆகிவிடும். ஐ.சி.க்கு ஆபத்து!

ஆகவே 6 வோல்ட், 300 மில்லி ஆம்பியர் மின்மாற்றியே ஏற்றது. அதில் கிடைப்பது சுமார் 7.1 வோல்ட். மின்தேக்கி 1000 மைக்ரோஃபாரட் இருக்கட்டும். சிறியதானால், நொடிக்கு 100 முறை ஏறியிறங்கும் மின்னழுத்தம் ஒலிபெருக்கியில் 'ம்ம்ம்' என்று முனகும்.

முதல் சோதனைக்கு 1.5 வோல்ட் டார்ச் செல்கள் ஆறினைத் தொடராக இணையுங்கள். 230 வோல்ட் இணைப்பை ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டுமே செய்யுங்கள்.

12 வோல்ட் மின்மாற்றியானால் எவ்வளவு கிடைக்கும்? நீங்களே கணக்கிடுங்கள்!