உணவைத் தடிப்பாக்கும் மாப்பொருள்: அஞ்ச வேண்டியது எதற்கு?

எமது கிராமத்துக் கடைகளிலும் இன்று சூப் பைக்கற்று, தக்காளி சோஸ், யோகட் என்பன தாராளமாகக் கிடைக்கின்றன. இவற்றிற் பலவற்றின் சுட்டுத்துண்டில் ‘மாற்றியமைத்த மாப்பொருள்’ என்ற பெயரோ 1422, 1442 போன்ற இலக்கங்களோ காணப்படும். “இது இரசாயனமாமே, பிள்ளைக்குக் கொடுக்கலாமா?” என்று தாய்மார் கேட்பது நியாயமானதே.

மாப்பொருள் எமக்குப் புதியதல்ல. ஒடியல் மா கூழைத் தடிப்பாக்குவதும் இதனாலேயே. நீருடன் சூடாகும்போது மாமணிகள் நீரை உறிஞ்சி வீங்குகின்றன. ஆனால் சாதாரண மாப்பொருள் நெடுநேரக் கொதிப்பிலும் புளிப்பிலும் இளகிவிடும். குளிரில் வைத்தால் நீர் பிரியும். இக்குறையைப் போக்கவே தொழிற்சாலைகளில் சோளம், மரவள்ளி, உருளைக்கிழங்கு முதலியவற்றின் மாப்பொருளைச் சில இரசாயனப் பொருள்களால் சிறிதளவு மாற்றியமைக்கின்றனர். இது மரபணு மாற்றம் அன்று.

இது நஞ்சா? மேற்கூறிய இரண்டு வகைகளையும் வேறு பலவற்றையும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2017இல் மீளாய்வு செய்தது. உணவிற் பயன்படும் அளவில் பொதுமக்களுக்கு இவற்றால் ஆபத்தில்லை என அது முடிவு செய்தது.

ஆனால் அனுமதிக்கப்படாத முறையில் மாற்றினால் நிலைமை வேறு. 2013இல் தாய்வானில், மலேயிக் அமிலச் சேர்வையால் மாற்றப்பட்ட மாப்பொருள் மரவள்ளி முத்துகள் முதலிய உணவுகளிற் கண்டுபிடிக்கப்பட்டது. அது உணவுக்கு அனுமதிக்கப்பட்டதன்று. மலேயிக் அமிலம் பெருமளவிற் கொடுக்கப்பட்ட விலங்குகளின் சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டமை முன்னரே அறியப்பட்டிருந்தது. அவ்வுணவுகள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. ஆகவே பெயரும் முகவரியும் இல்லாத பொதிகளை வாங்காதிருப்பது நன்று.

எமது வீடுகளில் உள்ள பெரிய ஆபத்து வேறொன்று. தடிப்பான உணவெல்லாம் சத்தான உணவென நாம் நம்பிவிடுகிறோம். மாப்பொருள் 1 கிராம் ஏறக்குறைய 4 கிலோகலோரி சக்தி தரும். புரதமோ இரும்புச்சத்தோ தராது. பைக்கற்று சூப்பால் வயிறு நிறைந்த குழந்தை, வளர்வதற்கு வேண்டியதைப் பெறாமலே உறங்கிவிடுகிறது. அந்த சூப்பில் உப்பும் அதிகம்.

நாம் செய்யக்கூடியவை:

1. சுட்டுத்துண்டை வாசியுங்கள். கூடிய நிறையுள்ள பொருளே முதலில் எழுதப்படும். மாப்பொருளும் சீனியும் முன்னே நின்றால், நீங்கள் பணம் கொடுப்பது அவற்றுக்கே.
2. நீரிழிவு உள்ளவர்கள் இதனையும் சோறு, பாண் போன்ற மாவுணவாகவே கணக்கிட வேண்டும்.
3. கோதுமை ஒவ்வாதவர்கள், மாப்பொருள் கோதுமையிலிருந்து பெறப்பட்டதா எனப் பார்க்க வேண்டும்.
4. ஆறு மாதம் நிறைந்த குழந்தையின் கஞ்சியை அவித்த பயறு, மசித்த மீன், கீரை சேர்த்துத் தடிப்பாக்குங்கள்.

கலந்துரையாடுவோம்: சென்ற வாரம் உங்கள் வீட்டில் வாங்கிய பொதி உணவுகள் எவை? அவற்றில் முதலில் எழுதப்பட்டுள்ள மூன்று பொருள்கள் யாவை? அதே பணத்துக்கு எவ்வளவு பயறு வாங்கியிருக்கலாம்?