பெயரும் பண்பும்

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், தகுதி வழக்கினுள் மங்கலம் என்பதனையும் ஒன்றாக வைத்தார். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலமாம். இறந்தாரைக் குறிக்கவும் இத்துணை நயம் பேணிய மொழியினர், கண்முன் வாழ்வாரை 'நொண்டி', 'குருடன்', 'செவிடன்' என்றழைத்தல் தகுமோ? அழைப்பவர் நாவில் அஃது ஓர் அடையாளம். கேட்பவர் நெஞ்சிலோ முள்ளாய்த் தைக்கும். உறுப்பின் குறையொன்றே பெயராகுமாயின், அவருடைய அறிவும் உழைப்பும் பிறர் கண்ணுக்கு மறைந்துவிடும். 'ஊனமுற்றோர்' என்பதை விடுத்து, 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல்லைத் தமிழக அரசு இன்று ஆள்வதும் இதுபற்றியே. ஆயினும், இகழ்ச்சியை உள்ளத்தில் வைத்துச் சொல்லை மட்டும் மாற்றுவதாற் பயனில்லை. புதுச்சொல்லும் நாளடைவில் வசையாகிவிடும். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் உண்டன்றோ? அதனைச் சொல்லியே அழைப்போமாக.