சிறுநீரகத்தைக் கெடுக்கும் கடைப் பழக்கங்கள்

சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் கடை நடத்தும் நம்மவர்கள் காலையில் கதவைத் திறந்தால், இரவில் அடைக்கும் வரை கல்லாவை விட்டு நகர்வது அரிது. ஈப்போவுக்குப் போகிறவர்களும் கேமரன் மலைக்கு ஏறுகிறவர்களும் வந்து சேரும் சந்தி இது. இந்த உழைப்பைக் குறை கூற நாம் வரவில்லை. ஆனால் இந்த உழைப்போடு ஒட்டிக்கொண்டு வந்த சில பழக்கங்கள் நமது சிறுநீரகத்தை மெல்ல மெல்லக் கெடுக்கின்றன. அவற்றைச் சகோதரர்களுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை.

நம் பெரியவர்கள் குண்டிக்காய் என்று சொல்லும் இவ்வுறுப்பு, முதுகுப்புறம் விலா எலும்பின் கீழே பக்கத்துக்கு ஒன்றாக, கைமுட்டி அளவில் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. இரண்டும் சேர்ந்து நாள் ஒன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதை உடலுக்கே திருப்பிக் கொடுத்து, வேண்டாத கழிவை ஒன்றரை லிட்டர் அளவு சிறுநீராக வெளியேற்றுகின்றன. கெட்டுப்போன வடிகட்டி மீண்டும் முளைப்பதில்லை. மிஞ்சியவை அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும். ஆகையால் பாதிக்கு மேல் கெட்ட பிறகும் வலி இராது, வீக்கம் இராது. 2018-இல் தீபகற்ப மலேசியாவில் நடந்த ஆய்வில், பெரியவர்கள் நூறு பேரில் 15 பேருக்குச் சிறுநீரக வியாதி இருப்பது தெரிந்தது. 2011-இல் இது 9 பேராக இருந்தது. வியாதி உள்ளவர்களில் நூற்றுக்கு 5 பேருக்குத்தான் தமக்கு அது இருப்பதே தெரியும்!

முதலாவது, தண்ணீர் குடிக்காமை. எழுந்து போனால் கடையைப் பார்க்க ஆள் இல்லை என்று எண்ணிப் பலர் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். வந்த சிறுநீரையும் அடக்கி வைக்கிறார்கள். சிறுநீரை அடக்குவது கிருமி தங்க இடம் கொடுக்கிறது. தண்ணீர் குறைந்தால் கல் உண்டாகிறது. சுண்ணாம்பு மலை சூழ்ந்த ஊர் ஆகையால் குழாய்த் தண்ணீரால்தான் கல் வருகிறது என்று சிலர் சொல்வார்கள். கல்லுக்குப் பெரிய காரணம் குடிக்கும் தண்ணீர் போதாமையே. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும் அளவுக்கு நாள் முழுதும் பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும். ஆனால் முன்பே சிறுநீரக வியாதியோ இருதய வியாதியோ உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் குடிக்கலாகாது. அத்தகையவர்கள் நோன்பு மாதம் வருமுன்பே டாக்டரிடம் யோசனை கேட்டுக்கொள்வது நலம். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருப்பதை நாம் அறிவோம்.

இரண்டாவது, இனிப்பும் உப்பும். வருகிறவருக்கெல்லாம் ஒரு தே தாரிக், அவரோடு நமக்கும் ஒன்று. பாதி டின் பால், பாதி சாயம். மதியம் சோற்றோடு கருவாடு, ஊறுகாய், கிச்சாப். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புச் சேர்க்கச் சொல்கிறது. நம் நாட்டாரோ சராசரி 7.9 கிராம் சாப்பிடுகிறார்கள். இனிப்பு மிகுந்தால் உடல் பருத்துச் சர்க்கரை வியாதிக்கு வழியாகிறது. உப்பு இரத்தக் கொதிப்பை ஏற்றுகிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பதில் இவ்விரண்டு வியாதிகளுமே முதன்மையானவை. 2019-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்குச் சர்க்கரை வியாதி; இந்திய வம்சத்தாரில் மட்டும் நூற்றுக்கு 31 பேருக்கு! புகை பிடிப்பவர்களுக்குக் கேடு இன்னும் விரைவில் வரும்.

மூன்றாவது, வலி மாத்திரை. நாள் முழுதும் நின்றால் முழங்கால் வலிக்கும், இடுப்புப் பிடிக்கும். உடனே டைக்ளோபெனாக், மெபெனாமிக் அமிலம், இபுபுரோபென் முதலிய மாத்திரைகளை மிட்டாய் போல வாயில் போட்டுக்கொள்கிறோம். இவை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. ஒரு நாள், இரண்டு நாள் என்பது வேறு. மாதக் கணக்கில் தின்பது வேறு. சுவீடன் நாட்டில் ஹுஸ்க்வர்னா என்னும் தொழிற்சாலை ஊரில் 1918-ஆம் ஆண்டு விஷக் காய்ச்சலின்போது ஒரு வலித்தூள் பரவியது. காய்ச்சல் போன பிறகும் தொழிலாளர் அதை விடவில்லை. அதிலிருந்த பினாசிட்டின் என்னும் மருந்து பலரின் சிறுநீரகத்தை அழித்தது. 1961-இல்தான் டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்க முடியாதபடி செய்தார்கள்.

பெயர் தெரியாத சூரணங்களும் அப்படியே. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், இளைப்பதற்கென்று கொடுத்த மூலிகை மாத்திரையால் பல பெண்களின் சிறுநீரகம் பழுதாயிற்று. இயற்கையில் விளைந்தது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது.

நான்காவது பழக்கமே எல்லாவற்றிலும் மோசமானது. "மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும்" என்று பயந்து, சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடுகிறோம். சிறுநீரகத்தைக் கெடுப்பது அடங்காத சர்க்கரையும் கொதிப்பும்தான். அவற்றை அடக்கும் மருந்து சிறுநீரகத்தைக் காக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குச் சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டி வரலாம். அதை டாக்டர் சோதித்து மாற்றுவார். நாமாக நிறுத்துவது தவறு. காக்கும் மாத்திரைக்குப் பயந்து, கெடுக்கும் மாத்திரையைப் பயமின்றி விழுங்குகிறோம். இந்த விபரீதத்தை என்னவென்று சொல்வது!

சிறுநீரகம் முழுதும் நின்றுபோனால் யந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம். வருஷத்துக்கு 600 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. போகவர நேரம் தனி. கல்லாவை விட்டு ஐந்து நிமிஷம் எழ மனமில்லாதவர் அப்போது என்ன செய்வார்? அவர் கடையை நம்பியிருக்கும் குடும்பம் என்ன செய்யும்?

ஆகவே நாம் சொல்வது இதுதான். நாற்பது வயது கடந்தவர்களும், சர்க்கரை, கொதிப்பு உள்ளவர்களும், குடும்பத்தில் சிறுநீரக வியாதி கண்டவர்களும், வருஷம் ஒரு முறை இரத்த அழுத்தம் பார்த்து, இரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் சோதித்துக்கொள்ளுங்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். வருஷக் கடைசியில் கடை இருப்பை எண்ணாமல் எந்த வியாபாரியும் விடுவதில்லை. அந்த வாரத்திலேயே ஒரு காலைப் பொழுதைத் தம் தேகத்துக்கும் ஒதுக்கட்டும். மகனிடமோ தம்பியிடமோ கல்லாவைக் கொடுத்துவிட்டுப் போய் வாருங்கள்.