கடலை எண்ணிப் பார்க்கும் கோடை

ராமேசுவரம் அருகே மண்டபத்தில் முதன்முதலாகக் கோடை முகாம் நடத்தப்போகும் இளம் கடலாய்வாளருக்கு,

ப்ளஸ் ஒன் மாணவர்களுக்கு ஐந்து நாள் கடலியல் முகாம் என்றதும் நிகழ்ச்சி நிரல் தானாகவே எழுதிக்கொள்ளும்: கண்ணாடிப் படகு, மீன் காட்சியகம், தனுஷ்கோடி, கடைசி நாள் மாலையில் சான்றிதழ். பெற்றோருக்குப் பிடிக்கும், படங்களும் நன்றாக வரும். சுற்றுலாவில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அதை நடத்த ஒரு வேன் டிரைவர் போதும், கடல் உயிரியல் படித்த நீங்கள் எதற்கு?

கோடையில் கடலோரம் கூடிப் படிக்கும் வழக்கத்துக்கு நூற்றைம்பது வயது தாண்டிவிட்டது. 1873இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையை ஒட்டிய பெனிகீஸ் என்ற சிறு தீவில் இயற்கையியலாளர் லூயி அகாசி ஒரு கோடைப் பள்ளி தொடங்கினார். வந்தவர்கள் சுமார் ஐம்பது பேர். பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், பெண்களும் இருந்தார்கள். புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு உயிரினத்தை எடுத்துப் பார்ப்பதுதான் அங்கே பாடம். அந்த டிசம்பரிலேயே அகாசி இறந்தார். அடுத்த கோடையோடு பள்ளியும் நின்றது. ஆனால் அங்கே படித்த டேவிட் ஸ்டார் ஜோர்டன் பெரிய மீனியல் அறிஞராகி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானார். அந்தப் பள்ளியின் வழியில் 1888இல் அருகிலுள்ள உட்ஸ் ஹோலில் கடல் உயிரியல் ஆய்வகம் எழுந்தது.

அந்த ஆய்வகத்துக்கு 1929 கோடையில் வந்த 22 வயதுப் பெண் ரேச்சல் கார்சன். பென்சில்வேனியாவின் உள்நாட்டு ஊரில் வளர்ந்தவர். கடலைக் கண்ணால் கண்டதே அப்போதுதான். பின்னாளில் கடலைப் பற்றி உலகமே படித்த புத்தகங்களை அவர் எழுதினார். அதே இடத்தில் 1982 கோடையில் உயிர்வேதியியலாளர் டிம் ஹன்ட், கடல் முள்ளெலியின் முட்டைகளிலிருந்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாதிரி எடுத்துக்கொண்டே இருந்தார். செல் பிளவுபடும் ஒவ்வொரு முறையும் ஒரு புரதம் சேர்வதும் காணாமல்போவதுமாக இருந்தது. சைக்ளின் என்று பெயர் பெற்ற அந்தப் புரதம் 2001இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு வாங்கித் தந்தது. அதைத் தேடி அவர் போகவில்லை. விடாமல் மாதிரி எடுத்தார், அகப்பட்டது.

உங்கள் முகாமுக்கு வேண்டியதும் இந்தப் பழக்கம்தான். ஒரே ஒரு கேள்வி, ஒரே இடம், தினமும் அதே அளவீடு. கலிபோர்னியாவில் லிம்பெட்ஸ் என்ற திட்டத்தில் பள்ளி மாணவர்கள் கடற்கரை மணலைத் தோண்டிச் சலித்து, அலை விழும் இடத்தில் புதைந்து வாழும் சிறு நண்டுகளை எண்ணுகிறார்கள், அளக்கிறார்கள். பார்ப்பதற்கு இதில் பிரமாதமாக எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் சேரும் அந்த எண்கள் கடற்கரையின் உடல்நிலைக்குச் சாட்சியாகின்றன. அந்த நண்டின் உறவினங்கள் சென்னைக் கடற்கரையிலும் உண்டு.

அவர்கள் பாடத்திட்டத்தை அப்படியே இறக்குமதி செய்யவும் முடியாது. கலிபோர்னியாவில் வற்று நேரத்தில் பாறைக்கரை அகலமாகத் திறந்துகொள்ளும். நம் பக்கம் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் மண்டபத்துக்கு வேறு வரம் இருக்கிறது. ஒடுங்கிய ஒரு நிலத்தின் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. பக்கத்து ராமேசுவரத்தில் ஆண் கடல், பெண் கடல் என்பார்கள். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்குக் கரை கொந்தளிக்கும், வடக்குக் கரை அடங்கிக் கிடக்கும். வாடைக்காலத்தில் இது தலைகீழாகும். ஒரு மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றைக் கயிற்றாலோ பிவிசி குழாயாலோ செய்து, இரண்டு கரையிலும் போட்டு, ஒதுங்கிய சிப்பி எத்தனை, கடற்புல் எவ்வளவு, பிளாஸ்டிக் எவ்வளவு என்று ஐந்து நாளும் எண்ணச் சொல்லுங்கள். நீரின் தெளிவை அளக்க 1865இல் இத்தாலியப் பாதிரியார் செக்கி பயன்படுத்திய வெள்ளைத் தட்டு போதும். கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கயிற்றில் குறித்தால் வேலை முடிந்தது. வற்று நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், கால அட்டவணையைக் கடிகாரத்தோடு நிலவையும் பார்த்துப் போடுங்கள்.

முகாம் நடக்கும் மே மாதம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீன் ஏலத்தைக் காட்ட முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். வலை பின்னிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கும் மீனவர்களுக்குப் பேச நேரம் இருக்கும் மாதமும் அதுதான். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களும் இருக்கிறார்கள்; அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்தி 2015இல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசைப் பெற்றார். அப்படிப்பட்டவர்களை அழைத்துவந்தால் ஒருநாள் சம்பளம் கொடுத்து, ஆசிரியர் நாற்காலியில் உட்கார வையுங்கள். மாணவர்கள் கேட்டுக் குறிப்பெடுக்கட்டும்.

ஒரே அளவீட்டைத் தினமும் எடுப்பதில் வரும் சலிப்புக்குப் பயப்படாதீர்கள். சென்னையில் 1988 முதல் இயங்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, ஜனவரியிலிருந்து இரவுதோறும் கடற்கரையில் நடந்து பங்குனி ஆமைகளின் முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறது. ஆமை தட்டுப்படாத இரவிலும் நடை உண்டு. அந்த மணலில் கால் ஓய்ந்தபிறகும் மறுவாரம் வருகிற பிள்ளைக்கு இந்தத் துறை ஒத்துவரும். வராமல் நின்றுவிடும் பிள்ளைக்கும் நஷ்டமில்லை. பதினாறு வயதில் ஐந்து நாளில் தெரிந்துகொள்வதை, மூன்று வருடக் கல்லூரிக் கட்டணம் கட்டியபிறகு தெரிந்துகொள்வது எவ்வளவு கொடுமை!

சட்டத்தை முதல்நாளே சொல்லிவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. பவளமும் கடலட்டையும் கடற்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கியவை. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டு ஒன்றை நினைவுக்காகப் பையில் போட்டாலும் தப்புதான். எல்லோருக்கும் உயிர்காப்பு ஜாக்கெட், நீந்தத் தெரியாதவர்களுக்குத் தனி வரிசை. இதில் சமரசம் வேண்டாம்.

கடைசியாக, கட்டணம். நகரத்துத் தனியார் பள்ளிகளிடமிருந்து விண்ணப்பம் முதலில் வந்து குவியும். கடற்கரையிலேயே பிறந்த பிள்ளைகள் அந்தப் படிவத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பாதி இடங்களை மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாக ஒதுக்குங்கள்; பெண்களுக்குச் சரிபாதி கொடுங்கள். செலவுக்குக் கண்ணாடிப் படகை வெட்டிவிடுங்கள்.