குழு நடனம் அமைத்தல்: மாணவ நடன அமைப்பாளருக்கு ஒரு வழிகாட்டி

(க.பொ.த. சாதாரண தரம் – நடனம்)



இதுவரை நீங்கள் ஆசிரியர் சொல்லித்தந்த உருப்படிகளையே ஆடி வந்தீர்கள். அலாரிப்பாயினும் தில்லானாவாயினும் அதனை வேறொருவர் அமைத்திருந்தார். இப்போது ஆறு பேரைச் சேர்த்து, நான்கு நிமிடச் சமகால நடனம் ஒன்றை நீங்களே அமையுங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

பெரும்பாலானோர் முதலில் ஒரு பாட்டைத் தேடுவர். பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முத்திரை வைப்பர். நன்றாக ஆடுபவரை நடுவில் நிறுத்தி, மற்ற ஐவரையும் அவரைப் பார்த்து ஆடச் சொல்வர். இவ்வாறு அமைவது ஒரு தனி நடனத்தின் ஆறு பிரதிகளே ஆகும். அதனைக் குழு நடனம் எனக் கூற முடியாது.

குழு நடனத்தில் பொருளைத் தருவது ஆடுபவர்களுக்கு இடையிலுள்ள தொடர்பாகும். யார் யாருக்கு அருகில் நிற்கிறார், யார் விலகுகிறார், ஐவர் அசையும்போது ஒருவர் ஏன் அசையவில்லை என்பவற்றைக் கொண்டே பார்வையாளர் கருத்தை விளங்கிக்கொள்கின்றனர். இப்பாடம் முழுவதிலும் இதனை மனதில் இருத்திக்கொள்ளுங்கள்.

1. சமகால நடனம் என்றால் என்ன?

சமகால நடனம் என்பது தனியான அடவு முறை ஒன்றைக் குறிப்பதன்று. தெரிந்த எந்த நடன முறையிலிருந்தும், அன்றாட உடலசைவுகளிலிருந்தும் வேண்டியவற்றை எடுத்து, இன்றைய கருத்தொன்றைச் சொல்வதற்காகப் புதிதாக அமைக்கப்படும் நடனமே சமகால நடனம் எனப்படும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சந்திரலேகா (1928–2006) ஆவார். இவர் காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பரதம் பயின்றவர். 1952இல் இவரது அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடைபெற்றது. யமுனை நதியின் நீர்ப்பெருக்கை அபிநயித்துக்கொண்டிருந்தபோது, நீரின்றி வெடித்த நிலமும் அங்கு வாடும் மக்களும் அவர் மனக்கண்ணில் தோன்றினர். மேடையில் ஆடுவதற்கும் வெளியே மக்கள் வாழும் வாழ்வுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி அவருள் எழுந்தது. பல ஆண்டுகளின் பின்னர் 1985இல் அவர் அமைத்த ‘அங்கிகா’ என்னும் குழுப் படைப்பில் பரதமும் களரிப்பயிற்றும் யோகமும் அருகருகே வந்தன. 2001இல் ‘சரீரா’ வரை அவர் தொடர்ந்து படைப்புகளை வழங்கினார்.

கவனிக்க: சந்திரலேகா பரதத்தைக் கைவிடவில்லை. அரைமண்டியின் நேர்கோடுகளையும் முக்கோணங்களையும் வேறொரு கேள்விக்கு விடை தேடப் பயன்படுத்தினார். ஆகவே நீங்கள் கற்ற தட்டடவும் நாட்டடவும் சமகால நடனத்திற்குத் தடையாக இரா. அவையே உங்கள் மூலதனம்.

2. கருப்பொருளைத் தெரிவுசெய்தல்

கருப்பொருள் சிறியதாகவும் நீங்கள் கண்ணாற் கண்டதாகவும் இருத்தல் வேண்டும். ‘சமாதானம்’, ‘இயற்கை’ போன்ற பெரிய தலைப்புகளை எடுத்தால், புறாவையும் மரத்தையும் கையால் காட்டுவதற்கு மேல் செல்வது கடினம்.

நம் நாட்டில் சித்திரசேன (1921–2005) கண்டிய நடன மரபில் வேரூன்றியவர். 1961இல் மேடையேறிய அவரது ‘கரதிய’ மீனவர் வாழ்வைக் கருப்பொருளாகக் கொண்டது. ‘கரதிய’ என்னும் சிங்களச் சொல்லின் பொருள் உப்புநீர் என்பதாகும். தலைப்பைக் கேட்டதுமே ஓர் இடமும் ஒரு தொழிலும் நம் கண்முன் வருவதைக் கவனியுங்கள்.

நீங்களும் உங்கள் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். கொட்டாஞ்சேனை மாணவராயின், கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திற்குச் செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவதைக் கண்டிருப்பீர்கள். வெள்ளவத்தை மாணவராயின், ஆடிவேல் விழாவில் தேர் இழுப்பவர்களின் தோள்களையும், கடலோரமாகச் செல்லும் காலை ரயிலின் நெரிசலையும் கண்டிருப்பீர்கள். இப்பாடத்தில் ‘காலை ரயில்’ என்பதையே மாதிரியாக எடுத்துக்கொள்வோம்.

3. மூல அசைவுகளைத் தேடுதல்

நடனம் முழுவதும் திரும்பத் திரும்ப, மாறி மாறி வரும் சிறிய அசைவுக்கூறு மூல அசைவு எனப்படும். நான்கு நிமிட நடனத்திற்கு மூன்று மூல அசைவுகள் போதுமானவை.

ஜேர்மனிய நடன அமைப்பாளர் பீனா பௌஷ் (1940–2009) தமது நடனக்காரர்களிடம் கேள்விகளைக் கேட்டு, அவர்கள் சொல்லாலும் உடலாலும் தரும் விடைகளிலிருந்து அசைவுகளைத் தெரிவுசெய்தார். 1978இல் அவர் அமைத்த ‘கொன்டாக்ட்ஹோஃப்’ என்னும் படைப்பு 2008இல் 14 வயதுக்கு மேற்பட்ட பதின்ம வயதினரைக் கொண்டு மீண்டும் மேடையேறியது. அவர்கள் தொழில்முறை நடனக்காரர்கள் அல்லர். உங்கள் வயதை ஒத்த பிள்ளைகள்.

இம்முறையை நீங்களும் கையாளலாம். ஆறு பேரையும் இருத்தி, “ரயில் வரும்வரை உன் உடம்பு என்ன செய்கிறது?” என்று கேளுங்கள். விடையைச் சொல்லாமல் செய்துகாட்டச் சொல்லுங்கள். பின்வருவன போன்ற விடைகள் கிடைக்கும்.

(அ) ரயில் வருகிறதா என்று உடலை முன்சாய்த்துத் தலையைத் திருப்பிப் பார்த்தல்.
(ஆ) நெரிசல் கண்டதும் முதுகுப் பையை வயிற்றுப்பக்கம் மாற்றுதல்.
(இ) மேலுள்ள கம்பியை ஒரு கையாற் பிடித்து, ரயிலின் ஆட்டத்திற்கேற்ப எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுதல்.

இவற்றை அப்படியே மேடையில் செய்தால் அது நாடகம். அவற்றை வேகம் மாற்றியும், பெரிதாக்கியும், தரையோடு தாழ்த்தியும், அடவோடு சேர்த்தும் செய்யும்போதே நடனம் ஆகும். எடுத்துக்காட்டாக, (இ)இல் உள்ள எடை மாற்றத்தை அரைமண்டியில் செய்து பாருங்கள். கம்பியைப் பிடித்த கை மட்டும் உயரத்தில் அசையாமல் நிற்கட்டும்.

4. இடத்தைப் பயன்படுத்தல்

நமது கூத்து வட்டக்களரியில் ஆடப்படுவது. பார்ப்போர் சுற்றிவர இருப்பதால் ஆடுபவருக்கு முன்பக்கம் பின்பக்கம் என்ற வேறுபாடு இல்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை ஒருபக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து ஓரிரு மணித்தியாலங்களுக்குள் சுருக்கப்பட்டது. ஆட்டத்தின் திசைகளும் பார்வையாளர் இருக்கும் பக்கத்திற்கேற்ப மாற்றி அமைக்கப்பட வேண்டியிருந்தன. இடம் மாறினால் நடனமும் மாறும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

எனவே நீங்கள் ஆடப்போகும் மண்டபத்தின் அகலத்தையும் ஆழத்தையும் முதலில் அடிக்கணக்கில் எண்ணிக்கொள்ளுங்கள். தொடர்மாடி வீட்டின் கூடத்தில் ஒத்திகை பார்ப்பவர்கள் அந்த அளவைப் பாதியாக்கித் தரையில் சோக்கால் வரைந்துகொள்ளலாம். பின்வரும் மூன்றையும் சரிபாருங்கள்.

• மட்டம்: நிற்றல், அரைமண்டி, தரையில் இருத்தல் ஆகிய மூன்று மட்டங்களும் வருகின்றனவா?
• திசை: எல்லோரும் எப்போதும் பார்வையாளரையே பார்க்கிறார்களா? ரயிலுக்குக் காத்திருப்பவர் எவரும் அவ்வாறு நிற்பதில்லை.
• வெற்றிடம்: ஆறு பேரும் ஒரு மூலையில் நெருங்கி நின்று, மேடையின் மறுபாதியை வெறுமையாக விட்டால் நெரிசல் தானே விளங்கும்.

5. ஆடுபவர்களுக்கு இடையிலான தொடர்பு

இதுவே இப்பாடத்தின் மையப்பகுதி. நான்கு வழிகளை அறிந்துகொள்ளுங்கள்.

(i) ஒருமித்து ஆடுதல்: எல்லோரும் ஒரே அசைவை ஒரே நேரத்தில் செய்தல். இது வலிமையைத் தரும். தொடர்ந்து செய்தால் வலிமை குன்றும்.
(ii) ஒருவர்பின் ஒருவராக ஆடுதல்: ஒரே அசைவை ஒவ்வோர் எண்ணிக்கை இடைவெளியில் தொடர்தல். தலைதிரும்பும் அசைவை இவ்வாறு செய்தால் தூரத்து ரயில் நெருங்கி வருவது போன்ற உணர்வு ஏற்படும்.
(iii) வினாவும் விடையும்: மூவர் அசைய மூவர் நிற்றல், பின் மாறுதல்.
(iv) ஒருவரும் குழுவும்: ஐவர் ஒன்றைச் செய்ய, ஒருவர் வேறொன்றைச் செய்தல்.

நான்காவது வழி மிகுந்த கவனத்திற்குரியது. பார்வையாளரின் கண் எப்போதும் வேறுபட்டு நிற்பவரையே தேடிச் செல்லும். ஆகவே அசையாமல் நிற்பவரும் ஒரு பாத்திரமே. ‘காலை ரயில்’ நடனத்தில் ஐவர் ஏறிவிட, ஒருவர் மேடையில் தனித்து நிற்கட்டும். அவருக்காக ஐவரும் அரையடி அரையடியாக உள்ளே நகர்ந்து இடம் விடட்டும். இந்த அரையடி நகர்வுதான் உங்கள் நடனம் சொல்லும் கருத்து. எந்த முத்திரையும் பாட்டும் இல்லாமலே அது விளங்கிவிடும்.

6. காலத்தைத் திட்டமிடல்

ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் 8 எண்ணிக்கைகள் கொண்டது. நிமிடத்திற்கு 80 எண்ணிக்கை என்ற வேகத்தில் ஓர் ஆவர்த்தனம் 6 செக்கன்களில் முடியும். நான்கு நிமிடம் 240 செக்கன்கள். ஆகவே மொத்தம் 40 ஆவர்த்தனங்கள். அவற்றைப் பின்வருமாறு பகிரலாம்.

காத்திருத்தல் – 8 ஆவர்த்தனங்கள் (48 செக்கன்)
ஏறுதல் – 12 ஆவர்த்தனங்கள் (72 செக்கன்)
பயணம் – 12 ஆவர்த்தனங்கள் (72 செக்கன்)
இறங்குதல் – 8 ஆவர்த்தனங்கள் (48 செக்கன்)

பயணப் பகுதியில் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு என மூன்று நிறுத்தங்களுக்கும் மூன்று முறை அசைவை முற்றாக நிறுத்துங்கள். மௌனமும் தாளத்தின் ஒரு பகுதியே. கோட்டை நோக்கிச் செல்லும் ரயிலில் கடல் இடப்பக்கம் வரும். நெரிசலின் நடுவே ஒருவர் மட்டும் அப்பக்கம் திரும்பிப் பார்க்கலாம். முதலில் வாயால் எண்ணியும் தட்டுக்கழியால் தட்டியும் நடனத்தை அமைத்துவிட்டு, இசையைப் பின்னர் சேர்ப்பது நல்லது.

7. ஒத்திகையும் தலைமைத்துவமும்

உங்கள் குழுவில் இருப்பவர்கள் உங்கள் நண்பர்கள். ஒருவருக்கு எட்டு வருடப் பயிற்சி இருக்கும். இன்னொருவர் இவ்வருடந்தான் சேர்ந்திருப்பார். புதியவரைப் பின்வரிசையில் மறைத்துவிடுவது இலகுவான வழி. ஆனால் மறைக்கப்பட்டவருக்கு அது தெரியும்; அவரது தோளும் முகமும் அதைக் காட்டிவிடும்; பார்வையாளருக்கும் தெரியும். ஒவ்வொருவருக்கும் அவரால் உறுதியாகச் செய்யக்கூடிய ஓர் இடத்தைக் கொடுப்பது நடன அமைப்பாளரின் கடமையாகும். மேலே கூறிய தனித்து நிற்கும் பாத்திரத்திற்கு அரைமண்டியின் ஆழம் தேவையில்லை. அசையாமல் நிற்கும் துணிவு போதும்.

• திருத்தும்போது ஆளைச் சொல்லாமல் அசைவைச் சொல்லுங்கள். “நீ சரியில்லை” என்பதிலும் “ஐந்தாம் எண்ணிக்கையில் திரும்பு” என்பது பயன்தரும்.
• நீங்களும் ஆடுபவராயின், உங்களுக்குப் பதிலாக ஒருவரை நிறுத்தி, முழு நடனத்தையும் வெளியே இருந்து ஒரு தடவையாவது பாருங்கள்.
• ஒவ்வொரு ஒத்திகையின் முடிவிலும் நிலைகளைக் கொப்பியில் வரைந்து வையுங்கள்.
• உடலைச் சூடாக்காமல் ஆடத் தொடங்காதீர்கள். சீமெந்துத் தரையிலும் டைல்ஸ் தரையிலும் குதிப்புகளைக் குறையுங்கள். ஒருவரை ஒருவர் தூக்கும் அசைவுகளை ஆசிரியர் முன்னிலையில் மட்டும் செய்யுங்கள்.

8. மாதிரி வினாவும் விடையும்

வினா: குழு நடனம் ஒன்றில் ஒருமித்து ஆடுதல் மட்டும் போதாது என்பதற்கு இரண்டு காரணங்கள் தருக.

விடை: (1) எல்லோரும் எப்போதும் ஒன்றையே செய்தால் பாத்திரங்களுக்கு இடையிலான உறவையும் முரணையும் காட்ட முடியாது. (2) பார்வையாளரின் கவனம் சிதறும். வேறுபாடு தோன்றும்போதே கண் ஓரிடத்தில் நிலைக்கும்.

குறிப்பு: இத்தகைய வினாக்களுக்குக் காரணத்துடன் ஓர் எடுத்துக்காட்டையும் எழுதுங்கள். நீங்களே அமைத்த நடனத்திலிருந்து தரும் எடுத்துக்காட்டு மனனம் செய்த விடையிலும் தெளிவாக அமையும்.

9. பயிற்சிகள்

1. சமகால நடனம் என்பதை வரைவிலக்கணப்படுத்துக.
2. வட்டக்களரியில் ஆடும் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவரும்போது ஏற்படும் இரண்டு மாற்றங்களைக் குறிப்பிடுக.
3. உங்கள் வீதியில் பத்து நிமிடம் நின்று மக்களைக் கவனித்து, மூன்று மூல அசைவுகளை எழுதுக. அவற்றுள் ஒன்றை அடவொன்றுடன் இணைத்து ஓர் ஆவர்த்தனம் அமைக்க.
4. நால்வர் ஆடும் இரண்டு நிமிட நடனம் ஒன்றை ஆவர்த்தனக் கணக்குடன் திட்டமிடுக. குழுவில் மிகப் புதியவருக்கு நீங்கள் கொடுக்கும் இடம் எது, அதனை ஏன் கொடுத்தீர்கள் என்பதையும் ஐந்து வரிகளில் எழுதுக.