மஞ்சளின் இருபதாவது புரோட்டான்

நுழையும்முன்

கண்ணுக்குப் புலப்படாத மூலக்கூற்றின் கட்டமைப்பை அறிவியலார் எவ்வாறு உறுதிசெய்கின்றனர்? அடுக்களையில் நாள்தோறும் புழங்கும் மஞ்சளைக் கொண்டு அதனை விளக்குகிறது இப்பாடம்.

மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகிறது?

தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளியின் மளிகைக் கடையில் வாங்கும் மஞ்சளுக்கும் ஈரோட்டுச் சந்தையில் குவியும் மஞ்சளுக்கும் நிறம் தரும் முதன்மைப் பொருள் குர்குமின். 1815ஆம் ஆண்டில் வோகல், பெல்லத்தியே ஆகிய இருவரும் மஞ்சளிலிருந்து இந்நிறப்பொருளைப் பிரித்தனர். 1910ஆம் ஆண்டில் அதன் கட்டமைப்பு வெளியிடப்பட்டது. குர்குமின் மூலக்கூற்றில் 21 கார்பன், 20 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. இரண்டு பென்சீன் வளையங்களை ஏழு கார்பன் கொண்ட சங்கிலி இணைக்கிறது.

எனினும், சங்கிலியின் நடுப்பகுதியை இருவகையாக எழுத இயலும். இரண்டு கார்பனைல் தொகுதிகளுக்கு நடுவிலுள்ள கார்பன் இரண்டு ஹைட்ரஜன்களைப் பெற்றிருந்தால் அது டைகீட்டோன் வடிவம். அவற்றுள் ஒன்று ஆக்சிஜனுக்கு இடம்மாறியிருந்தால் அது ஈனால் வடிவம். இவற்றுள் எது மெய்? அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலை இதற்கு விடை கூறுகிறது.

நான்கு சான்றுகள்

ஹைட்ரஜன் அணுவின் கருவாகிய புரோட்டான் ஒரு சிறு காந்தம்போல் இயங்குகிறது. வலிமையான காந்தப்புலத்தில் வைத்து ரேடியோ அலைகளைச் செலுத்தினால், குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அது ஆற்றலை உட்கவர்கிறது. சுற்றியுள்ள எலக்ட்ரான்களைப் பொறுத்து அந்த அதிர்வெண் சிறிதளவு மாறுபடும். இதுவே வேதி இடப்பெயர்ச்சி. டெட்ராமெதில்சிலேனின் குறிகையைச் சுழியாகக் கொண்டு, பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என இதனை அளப்பர்.

நிறமாலையில் நான்கு செய்திகளைப் படிக்கலாம். குறிகைகளின் எண்ணிக்கை, புரோட்டான்கள் எத்தனை வகை என்பதைக் கூறும். குறிகையின் இடம் அவற்றின் சூழலையும், பரப்பு அவற்றின் விகிதத்தையும், பிளவு அண்டையிலுள்ள புரோட்டான்களையும் உணர்த்தும்.

தெரிந்து தெளிவோம்

1951ஆம் ஆண்டில் ஆர்னால்டு, தர்மட்டி, பேக்கார்டு ஆகியோர் எத்தனாலின் நிறமாலையில் மூன்று தனித்தனிக் குறிகைகளைக் காட்டினர். இவர்களுள் இந்தியரான தர்மட்டி, பின்னர் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறை ஆய்வை வளர்த்தார்.

குர்குமினின் நிறமாலை

டியூட்டீரியம் ஏற்றப்பட்ட டைமெதில் சல்பாக்சைடில் குர்குமினைக் கரைத்துப் பெறும் நிறமாலையைக் காண்போம்.

3.8இல் ஆறு புரோட்டான்களுக்குரிய, பிளவுபடாத குறிகை தோன்றுகிறது. இஃது ஆக்சிஜனோடு இணைந்த இரண்டு மெத்தில் தொகுதிகளைக் குறிக்கும். இரண்டுக்கும் ஒரே குறிகை என்பதால் மூலக்கூற்றின் இரு பாதிகளும் ஒத்தவை.

6.8, 7.2, 7.3 ஆகிய இடங்களில் இரண்டிரண்டாக ஆறு வளையப் புரோட்டான்கள் உள்ளன. அடுத்தடுத்த கார்பன்களில் உள்ளவை சுமார் 8 ஹெர்ட்ஸ் அளவிலும், ஒரு கார்பன் இடைவிட்டவை சுமார் 2 ஹெர்ட்ஸ் அளவிலும் ஒன்றையொன்று பிளக்கின்றன. ஆகவே, ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு ஹைட்ரஜன்கள் அடுத்தடுத்தும் ஒன்று தனித்தும் உள்ளன.

6.75, 7.55 ஆகிய இடங்களிலுள்ள நான்கு புரோட்டான்கள் சுமார் 16 ஹெர்ட்ஸ் அளவில் பிளவுறுகின்றன. இவ்வளவு பெரிய பிளவு, இரட்டைப் பிணைப்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஹைட்ரஜன்கள் அமைந்துள்ளதைக் காட்டும்.

9.6இல் இரண்டு புரோட்டான்கள் உள்ளன. கனநீர் சேர்த்தால் இக்குறிகை மறைகிறது. ஆகவே, இவை ஹைட்ராக்சில் தொகுதிக்கு உரியவை.

6.1இல் ஒரே ஒரு புரோட்டான் உள்ளது. டைகீட்டோனாக இருந்திருப்பின், நடுக்கார்பனின் இரண்டு புரோட்டான்கள் 4இன் அருகே தோன்றியிருக்க வேண்டும்.

கணக்கு நேராகிறது

இவற்றைக் கூட்டினால் 6+6+4+2+1=19. வாய்பாட்டிலோ 20 உள்ளன. எஞ்சிய ஒன்று எங்கே?

பெரும்பாலான வரைபடங்கள் 12 அளவோடு முடிந்துவிடும். எல்லையை நீட்டிப் பதிவுசெய்தால், 16இன் அருகே தாழ்ந்து அகன்ற குறிகை ஒன்று தென்படும். இரண்டு ஆக்சிஜன்களுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றப்பட்ட ஈனால் புரோட்டான் அதுவே. ஈனால் வடிவில் ஒருபுறம் கார்பனைலும் மறுபுறம் ஹைட்ராக்சிலும் இருக்க, இரு பாதிகளும் ஒத்திருப்பது எங்ஙனம் என்னும் ஐயம் எழலாம். அப்புரோட்டான் இரண்டு ஆக்சிஜன்களுக்கிடையே மிக விரைவாக இடம்மாறுவதால், கருவிக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன.

இது வெறும் கணக்குச் சிக்கலன்று. ஈனால் வடிவில்தான் ஒற்றை, இரட்டைப் பிணைப்புகள் ஒரு வளையத்திலிருந்து மற்றொரு வளையம்வரை இடையறாது தொடர்கின்றன. அத்தொடரே நீல ஒளியை உட்கவர்ந்து மஞ்சளுக்கு அடர்நிறம் தருகிறது. டைகீட்டோனில் அத்தொடர் நடுவே அறுபட, நிறமும் வெளிறிவிடும்.

பத்தொன்பது பொருந்தியபின் ஒன்றைப் புறக்கணிப்பது எளிது. ஆனால், பொருந்தாத அந்த ஒன்றே கட்டமைப்பின் மையத்தைக் காட்டியது. எல்லாச் சான்றுகளும் ஒருங்கே இசைந்த பின்னரே முடிவு கூறுதல் அறிவியலின் நெறியாகும்.

கற்பவை கற்றபின்

1. எத்தனால் நிறமாலையின் மூன்று குறிகைகளுடைய பரப்புகள் 3:2:1 என அமையும் காரணத்தை விளக்குக.
2. குர்குமின் டைகீட்டோன் வடிவில் மட்டுமே இருப்பின், அதன் நிறமாலையில் நேரும் மாற்றங்களை எழுதுக.